ஒரே மாடல்

முதலில் போனது காய்கறி ட்ரே. முழுத் தர்பூசணி ஒன்றை அதற்குள் வைத்தே தீருவேன் என்று தம்பி அடம்பிடித்தான். கையால் முடியாததைக் காலால் தள்ளிப் பார்த்தான். ட்ரே குறுக்கே பிளந்தது. தர்பூசணிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மறுநாள் தம்பியின் மனைவி முன் அறைக்கு வந்து கதவைத் தட்டினாள். திறக்கும்வரை நிற்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. தட்டிக்கொண்டே உள்ளே வந்துவிட்டாள்.

"அண்ணி, உங்க ஃப்ரிட்ஜ்ல இருக்கிற காய்கறி ட்ரேயைக் கொஞ்ச நாளைக்குக் குடுங்களேன். எங்களுக்குப் புதுசு ஆர்டர் போட்டாச்சு. வந்ததும் உங்களோடதைத் திருப்பிக் குடுத்துடறேன்."

"எடுத்துக்கோம்மா. நான் ஒருத்திதானே, எனக்கு எதுக்கு அவ்வளவு பெரிய ட்ரே?" என்றாள் அக்கா.

வாழ்நாளில் அவள் சொல்லியிருக்கவே கூடாத வாக்கியம் இது. சொல்லிவிட்டாள். தம்பி மனைவி அதைக் காதில் வாங்கி, பத்திரமாக உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டாள். நான் ஒருத்திதானே. அதற்குப் பிறகு அவள் கேட்டதெல்லாம் இந்த இரண்டு சொல்லை வைத்துத்தான்.

அக்கா என்றால் அந்தத் தெருவுக்கே டோக்கன் அக்கா. பெரிய ஆஸ்பத்திரியில் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டு நோயாளிகளை டாக்டர் அறைக்குள் அனுப்புகிற வேலை. மைக் இருந்தது, ஆனால் அதற்கும் நோய். அதனால் காலையிலிருந்து தொண்டையால்தான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் வராதவர்கள், கூப்பிடாமலே வருகிறவர்கள், நான்தான் முதலில் வந்தேன் என்று சண்டைக்கு நிற்பவர்கள் என்று அத்தனை பேரையும் மேய்த்துவிட்டு வீட்டுக்கு வரும்போது அவளிடம் பேச ஒரு சொல் மிச்சம் இருக்காது. கை கால் கழுவுவாள். ஃப்ரிட்ஜைத் திறந்து அன்றைக்கு உண்டான டப்பாவை எடுத்துச் சூடாக்குவாள். நாற்காலியில் உட்கார்ந்து, கட்டில்மேல் காலை நீட்டி, கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவாள். வார விடுமுறையில் ஒரே மூச்சாகச் சமைத்து டப்பா டப்பாவாக அடுக்கிவிடுவதால் மற்ற நாட்களில் அடுப்பங்கரைப் பிடுங்கல் இல்லை.

யாரும் பார்க்காமல் சாப்பிடுவதில் அவளுக்கு அப்படி ஒரு பிடிவாதம். காரணம் இருந்தது. கல்யாணமாகிப் போன வீட்டில் அவள் உட்கார்ந்தால் மாமியாரின் கண் அவள் முகத்தைப் பார்க்காது, தட்டைத்தான் பார்க்கும். "இன்னும் கொஞ்சமா? பரவாயில்லையே, நல்லாத்தான் இறங்குது" என்பார் மாமனார். புருஷன் சிரிப்பான். பாதி வயிற்றோடு எழுந்து எழுந்து கடைசியில் ஒருநாள் அந்த வீட்டிலிருந்தே எழுந்து வந்துவிட்டாள். இனி எவர் கையாலும் வாங்கிச் சாப்பிட மாட்டேன் என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா முன் அறையை அவளுக்கு ஒதுக்கினார். மூலையில் ஒரு மேடை கட்டி அடுப்பு வைத்தார். உறவுக்காரர்கள் எல்லோரையும் உட்காரவைத்து, "அவ அடுப்பு அங்க எரியற வரைக்கும் அந்த ரூம் அவளோடது. யாரும் வாய் திறக்கக் கூடாது" என்றும் சொன்னார். தம்பி தலையாட்டினான். அவன் எதற்குத்தான் தலையாட்டவில்லை?

அதோடு நிற்காமல் அப்பா ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே நிறத்தில், ஒரே மாடலில் இரண்டு ஃப்ரிட்ஜ் வாங்கினார். ஒன்று முன் அறைக்கு, ஒன்று பின்கட்டுக்கு. உனக்குப் பெரிசு, எனக்குச் சிறிசு என்று நாளைக்குப் பிள்ளைகள் முறைத்துக்கொள்ளக் கூடாதாம். மனிதர் எதையெல்லாமோ யோசித்தார். ஒன்றிலிருந்து கழற்றியது இன்னொன்றில் கச்சிதமாகப் பொருந்தும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. யோசிக்காமலே போயும் சேர்ந்துவிட்டார்.

தம்பி டைல்ஸ் கடையில் விற்பனையாள். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பான். அவன் மனைவி அழகுக்கலை படித்தவள். கூடத்து ஜன்னல் ஓரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுத் தெருப் பெண்களுக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தாள். பார்லர் திறப்பதற்கு முன்பே தெரு அவளுக்குப் பார்லர்காரி என்று பட்டம் கட்டிவிட்டது. படிப்புச் செலவு முழுக்க அக்கா கொடுத்தது. கையிலிருந்ததை வழித்துக் கொடுத்தாள். படிப்பு முடிந்த அன்றே பார்லர்காரிக்குத் தெரிந்துவிட்டது, இந்த வீட்டில் பார்லர் வைக்கத் தோதான இடம் ஒன்றே ஒன்றுதான். தெருவைப் பார்த்த முன் அறை. கண்ணாடி எந்தச் சுவரில், நாற்காலி எந்தப் பக்கம் என்பதெல்லாம் அவள் மனதில் முடிவாகிவிட்டது. நடுவில் இடைஞ்சலாக ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைக்க அவள் அடுப்பின் பக்கமே போகவில்லை என்பதுதான் அவளுடைய சாமர்த்தியம்.

ட்ரேக்கு அடுத்து உள்ளே எரியும் பல்பு போனது. அதற்கடுத்து நடுவில் இருக்கும் கண்ணாடித் தட்டு. ஒவ்வொரு தடவையும் "ஆர்டர் போட்டாச்சு அண்ணி." ஒவ்வொரு தடவையும் "நீங்க ஒருத்திதானே." அக்காவும் சும்மா சொல்லக் கூடாது, கொடுப்பதில் அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. வாங்குகிறவர்கள் நமக்குக் கட்டுப்பட்டுக் கிடப்பார்கள் என்ற நினைப்பு. பின்கட்டில் அவள் ட்ரேயும் அவள் பல்பும் இருந்தால் அங்கே அவளுக்கும் ஒரு கால் இருப்பதுபோல ஒரு நம்பிக்கை. நல்ல நம்பிக்கை!

கதவு ரப்பர் போன அன்றுதான் கேஸ்காரர் வந்தார். ஃப்ரிட்ஜ் மெக்கானிக்தான். எந்த ஃப்ரிட்ஜைக் காட்டினாலும், ஏன், கடிகாரத்தைக் காட்டினாலும், "கேஸ் போயிருக்கும்" என்பார் என்பதால் அந்தப் பெயர். அவர் தலை மை போல் கறுத்திருக்கும். சாயம் போட்டுவிடுவது பார்லர்காரி, இலவசமாக. ஆகவே அவருக்கு என்ன தோன்ற வேண்டும் என்பதையும் பார்லர்காரியே தோன்றவைப்பாள்.

"பின்கட்டுக் கதவு ரப்பர் கிழிஞ்சுபோச்சும்மா. குளிர் எல்லாம் வெளியே போகுது. இந்த மாடலைக் கம்பெனி நிறுத்தி எவ்வளவு காலமாச்சு! ஆர்டர் போட்டா வந்தாலும் வரும், வராமலும் போகும். அதே மாடல் இன்னொண்ணு வீட்டிலேயே இருக்கறப்ப ஏன் கவலைப்படறீங்க?" என்று அவர் கூடத்தில் நின்று, முன் அறைக்குக் கேட்கிற மாதிரி பேசினார்.

அக்காவின் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து ரப்பரை உரித்தெடுத்துப் போனார்கள். பார்லர்காரியின் முடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டி, நெளிவெடுத்து, பின்கட்டுக் கதவில் பதித்தார் கேஸ்காரர். கிழிந்த பழைய ரப்பர் அக்காவுக்கு வந்தது. அதைப் போட்ட பிறகு அவள் கதவு சரியாக மூட மறுத்தது. நாற்காலியை அண்டக் கொடுத்தால்தான் மூடியது. அவள் உட்கார்ந்து சாப்பிடும் நாற்காலி. அது கதவுக்குக் காவல் போனதும் அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

அப்புறம் தெர்மோஸ்டாட். குளிர் போதும் என்றால் ஓட்டத்தை நிறுத்தி, குறைந்தால் மறுபடி ஓடவைக்கும் சின்னப் பெட்டி. பின்கட்டில் இருந்தது சிக்கிக்கொண்டு நிற்காமல் ஓட, பால் கல்லாகிவிட்டது. இரண்டையும் மாற்றினார்கள். மாற்றினார்கள் என்றால், அக்காவுடைய நல்லது அங்கே போனது, அவர்களுடைய கெட்டது இங்கே வந்தது. இப்போது அவள் வேலைக்குப் போகும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போக வேண்டும், வந்ததும் செருக வேண்டும். பகலில் உருகியது, இரவில் உறைந்தது. டப்பாக்களில் இருந்த சாப்பாட்டுக்கே குழப்பம் வந்துவிட்டது, பாவம், உறைவதா ஊசிப்போவதா என்று.

"என்னடா இது, ஆர்டர் போட்டது என்னதான் ஆச்சு?" என்று அக்கா தம்பியைக் கேட்டாள்.

"பார்க்கலாம்க்கா. கேட்டுச் சொல்றேன்."

"கேட்டியா?"

"பார்க்கலாம்."

கடைசியாகக் கம்ப்ரஸர். பின்கட்டு ஃப்ரிட்ஜின் அடியில் 'கடக்' என்று ஒரு சத்தம் வந்து எல்லாம் அடங்கியது. கேஸ்காரர் வந்தார், குனிந்தார், அதிசயமாகக் கேஸைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் நிமிர்ந்தார். பார்லர்காரி முன் அறை வாசலில் வந்து நின்றாள். இந்தத் தடவை கதவைத் தட்டக்கூட இல்லை.

"இல்லம்மா. அது மட்டும் முடியாது. அது போனா அப்புறம் இது ஃப்ரிட்ஜே இல்ல, வெறும் டப்பா" என்றாள் அக்கா. முதல் தடவையாக இல்லை என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்தது. அவளுக்கே அது புதுசாக இருந்தது.

"என் க்ரீம் எல்லாம் உள்ள இருக்கு அண்ணி. எல்லாம் கெட்டுப்போயிடும். நான் யார்கிட்ட போய் நிப்பேன்?" பார்லர்காரியின் கண்ணில் தண்ணீர் வந்தது. அவளுக்குத் தண்ணீர் எப்போதும் குழாய்க்கு முன்பே வரும்.

அவள் அழுததற்கு அக்கா அசையவில்லை. தம்பி வந்தான். வாசற்படியிலேயே நின்று, செருப்பைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அக்கா, நான் கேட்டு நீ இல்லைன்னு சொன்னதே இல்லையே."

அவன் சொன்னது உண்மை. சின்ன வயதில் தன் தட்டில் இருந்த நல்ல துண்டு எல்லாவற்றையும் அவள் அவன் தட்டுக்குத் தள்ளியிருக்கிறாள். இந்த உலகத்தில் அவளுக்கு என்று இருந்தது அவன் ஒருவன்தான். அதைத் தெரிந்துகொண்டுதான் கேட்டான். மனைவி சொல்லிக்கொடுத்திருந்தால்கூட மன்னிக்கலாம். இது அவனாகவே யோசித்துச் சொன்னது.

"வேற கம்ப்ரஸர் எப்ப வரும்?"

"ஒரே வாரம்க்கா. அதுவரைக்கும் நீ எங்ககூட வந்து சாப்பிடு. இல்ல, உன் டப்பாவை எங்க ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்கோ. நம்ம வீடுதானே?"

கேஸ்காரர் நெருப்பு ஊதும் குழாயோடு வந்து, அவள் ஃப்ரிட்ஜின் பின்னால் உட்கார்ந்து, செப்புக் குழாய்களை அறுத்தார். அறை முழுக்க எண்ணெய் வாடை. கம்ப்ரஸரை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு அவர் போனபோது பார்லர்காரி பின்னாலேயே துணியோடு போய்த் தரையில் சொட்டிய எண்ணெயைத் துடைத்தாள். கூடத்தில் சொட்டியதை மட்டும். முன் அறையில் சொட்டியதை அக்கா துடைத்தாள்.

ஒரு வாரம் போனது. அப்புறமும் பல வாரம் போனது. அக்கா பின்கட்டுக்குச் சாப்பிடப் போகவில்லை. டப்பாவை ஒரு தடவை அங்கே வைத்துப் பார்த்தாள். மாலையில் போய் எடுத்தபோது மூடி வேறாக இருந்தது, பாதி காலியாக இருந்தது, உள்ளே ஒரு ஸ்பூன் கிடந்தது. அதோடு சரி. வேலையிலிருந்து வந்து அன்றாடம் சமைக்கப் பார்த்தாள். கால் ஒத்துழைக்கவில்லை. காலையில் செய்ததை மாலையில் மோந்து பார்த்துச் சாப்பிட்டாள். மூக்கு சரி என்றது, வயிறு ஏற்கவில்லை. ஒருநாள் டோக்கன் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டி மேஜைமேல் சரிந்தாள். அடுத்து வரவேண்டிய நோயாளி, "அப்ப என் நம்பரை யார் கூப்பிடறது?" என்று கேட்டாராம்.

நர்ஸ் குளுக்கோஸ் ஏற்றினாள். "என்னக்கா சாப்பிடறீங்க நீங்க? கெட்டுப்போனதைச் சாப்பிட்டா இப்படித்தான். வீட்டில ஃப்ரிட்ஜ் இல்லையா?" என்றாள்.

"இருக்கு" என்றாள் அக்கா. வேறு என்ன சொல்வாள்?

படுக்கையில் கிடந்தபோதுதான் அவளுக்கு ஒரு விஷயம் உறைத்தது. இத்தனை நாளில் ஆர்டர் போட்டாச்சு என்று கேட்டிருக்கிறாளே தவிர, எங்கே போட்டது என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அடுத்த விடுமுறை நாளில் கிழிந்த ரப்பரையும் சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட்டையும் தானே கழற்றினாள். பழைய பொருளை எடுத்து வந்தால்தான் புதியது கொடுப்பார்கள் என்று ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியன் சொல்லியிருந்தார். ஃப்ரிட்ஜின் உள்சுவரில் ஒட்டியிருந்த மாடல் எண்ணைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டு பஸ் ஏறினாள்.

அந்தக் கம்பெனிக்கு ஊரில் ஒரே ஒரு பார்ட்ஸ் கடைதான். குறுகலான கடை, கூரைவரை தட்டுகள், தட்டு நிறையப் பெட்டிகள். கவுண்டரில் ஒரு பெண் ஏணியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். அக்கா ரப்பரை மேஜைமேல் விரித்துக் கையைக் காட்டினாள்.

"இந்த மாடல் நின்னுபோச்சாமே. எங்க வீட்டிலிருந்து ரொம்ப நாளா ஆர்டர் போட்டுக் காத்துக்கிட்டிருக்கோம்மா. வந்துச்சான்னு பாரு."

"யாருக்கா நின்னுபோச்சுன்னு சொன்னது? இதுக்கு எல்லாமே இருக்கே." அந்தப் பெண் ஏணியில் ஏறி ஒரு நீளப் பெட்டியையும் ஒரு சின்னப் பெட்டியையும் தூசி தட்டி எடுத்துப் போட்டாள். கம்ப்யூட்டரில் வீட்டு முகவரியைத் தட்டிப் பார்த்தாள். "உங்க வீட்டு அட்ரஸ்ல ஒரு ஆர்டரும் இல்லையே. ஒண்ணுகூட வந்ததில்ல."

அக்கா கவுண்டரைப் பிடித்துக்கொண்டாள். கோபம் வந்தது. கோபத்தைவிடப் பெரிதாக, வெட்கம் வந்தது. ஊரையே வரிசையில் நிறுத்துகிறவள் தன் வீட்டில் காது குத்தவிட்டிருக்கிறாள். ஆனால் அதற்கும் மேலே, சொன்னால் நம்பமாட்டீர்கள், சந்தோஷம் வந்தது. எல்லாமே இருக்கே! பார்ட்ஸ் இருக்கிறது, கிடைக்கிறது, மாட்டலாம். ட்ரேகூட இருந்தது. கண்ணாடித் தட்டு இருந்தது.

"கம்ப்ரஸர்?"

"அது குடோன்ல இருக்கும்க்கா. சாயந்திரம் பார்த்துட்டு உங்களுக்குப் போன் பண்றேன். நீங்க சரின்னு சொன்னா நாளைக்கே அனுப்பி, எங்க ஆளே வந்து மாட்டிடுவாரு. உங்க பாடி நல்லா இருக்குல்ல? பாடி மட்டும் கிடைக்காதுக்கா. இந்த மாடல்ல பாடி வராது."

"என் பாடியா? தேஞ்சு கிடக்கு. ஃப்ரிட்ஜ் பாடி நல்லா இருக்கு" என்று அக்கா சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தாள். அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

பஸ்ஸில் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு, பார்லர்காரியிடம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தபடி வந்தாள். கத்த வேண்டாம். "ஆர்டர் போட்டதெல்லாம் வந்துடுச்சும்மா, உன்னைத் தேடிக்கிட்டு இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். அவள் முகம் எப்படிப் போகும் என்று நினைத்து நினைத்து ரசித்தாள். வீட்டை நெருங்கும்போது பசி வயிற்றைக் கிள்ளியது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

முன் அறை திறந்து கிடந்தது. டப்பாக்கள் கட்டிலின்மேல் குவிந்திருந்தன. அடுப்பு மேடைக்குப் பக்கத்தில், ஃப்ரிட்ஜ் நின்ற இடத்தில், தரை சதுரமாகப் பளிச்சென்று இருந்தது. சுற்றிலும் அழுக்கு, நடுவில் அந்தச் சதுரம்.

பெட்டிகளைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே பின்கட்டுக்குப் போனாள். தம்பி தட்டின் முன் உட்கார்ந்திருந்தான். பார்லர்காரி நாற்காலியில் சாய்ந்து விரல்களை விரித்து ஊதிக்கொண்டிருந்தாள்.

"என் ஃப்ரிட்ஜ் எங்க?"

"பழைய சாமான் வாங்கறவன் தெருவில வந்தான் அண்ணி. வெறும் டப்பாதானே, நீங்களே சொன்னீங்க. துரு பிடிச்சுப் பூச்சி அடையுது. உங்களுக்கு ஏற்கெனவே உடம்பு சரியில்ல. அதான் தூக்கிக் குடுத்துட்டோம்."

"யார் தூக்கினா?"

தம்பி சோற்றைப் பிசைந்தான். பிசைந்துகொண்டே இருந்தான். பாடி வராது என்று அந்தப் பெண் சொன்னது அக்காவின் காதில் இரைந்தது.

"இதெல்லாம் கடையில கிடைக்குதுடா. எல்லாமே கிடைக்குது. நீங்க ஒரு ஆர்டர்கூடப் போடல." பெட்டிகளை மேஜைமேல் வைத்தாள். "உன் பொண்டாட்டி பொய் சொன்னா. சரி. நீயும் கூட நின்னு தூக்கினியா? நீயாடா தூக்கின?"

"அக்கா... பார்க்கலாம்க்கா. வேற ஒண்ணு..."

"பார்க்கலாமா? இதைப் பாருடா முதல்ல." அவள் பின்கட்டு ஃப்ரிட்ஜின் கதவை இழுத்துத் திறந்தாள். "இந்த ட்ரே என்னோடது. இந்தத் தட்டு, இந்த லைட்டு, ரப்பர், தெர்மோஸ்டாட், அடியில ஓடுற கம்ப்ரஸர், எல்லாம் என்னோடது. நிறைய பாகம் என்னோடதுன்னா இது யாரோட ஃப்ரிட்ஜ்? சொல்லுங்க! இது என் ஃப்ரிட்ஜ்!"

டோக்கன் கூப்பிடும் குரல் அது. தெருவில் போனவர்களுக்கும் கேட்டிருக்கும். பார்லர்காரி கொஞ்சம்கூட அசரவில்லை. ஒரு விரலை ஊதி முடித்துவிட்டு அடுத்த விரலுக்குப் போனாள்.

"உங்களோடதுதான் அண்ணி. யார் இல்லைன்னா? உங்க ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்துச் சாப்பிட உங்களுக்கு என்ன தடை? உட்காருங்க, சாப்பிடுங்க. நீங்கதான் இத்தனை நாளா எங்களை வேத்து ஆளாப் பாக்கறீங்க."

இதற்கு அக்கா ஒத்திகை பார்த்திருக்கவில்லை. தம்பி எழுந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு தட்டை எடுத்து வைத்தான். அவன் அன்றைக்குச் செய்த ஒரே காரியம் அது. அதையும் செய்யாமல் இருந்திருக்கலாம்.

சூடான சாப்பாட்டின் வாசம் வந்தது. நின்றால் விழுந்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது. உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கை தானாகத் தட்டுக்குப் போனது. முதல் கவளம் தொண்டையில் இறங்கும்போது அவள் தன்னையே அருவருத்தாள். இரண்டாவது கவளத்தில் அந்த அருவருப்பும் பசியில் கரைந்துவிட்டது. பார்லர்காரி முழங்கையை மேஜையில் ஊன்றி அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் போட்டுக்கோங்க. பாவம், எவ்வளவு பசி! வயித்தைக் காயப்போட்டுக்கிட்டு அங்க தனியா என்ன வாழுது? இனிமே அங்க அடுப்பு எதுக்கு? கட்டிலைக் கூடத்து மூலையில போட்டுக்கலாம். நாளைக்குக் கண்ணாடிக்காரர் அளவெடுக்க வரேன்னு சொல்லியிருக்கார்."

அக்கா மென்றுகொண்டிருந்தாள். அப்போது போன் அடித்தது. பார்ட்ஸ் கடைப் பெண்.

"அக்கா, கம்ப்ரஸர் குடோன்ல இருக்கு! ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. உங்களுக்குன்னு எடுத்து வெச்சுட்டேன். அனுப்பச் சொல்லிடவா?"

அந்தப் பெண்ணின் குரல் எல்லோருக்கும் கேட்டது. தம்பி அக்காவின் முகத்தைப் பார்த்தான். பார்லர்காரி பார்க்கவே இல்லை, அவளுக்குப் பதில் தெரியும்.

"வேண்டாம்மா" என்றாள் அக்கா.

"ஏன்க்கா? காலையில அவ்வளவு ஆசையாக் கேட்டீங்களே?"

"வேண்டாம். வேற யாருக்காவது குடுத்துடு." வாயில் சோறு இருந்ததால் குரல் குழறியது. அந்தப் பெண் இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டிருக்கும்போதே போனை அணைத்தாள். தட்டில் மிச்சமிருந்ததை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்தாள். எழுந்தாள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தான் பிறந்து வளர்ந்த வீட்டில், அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"தட்டை எங்கம்மா வைக்கணும்?"

"சிங்க்ல போடுங்க அண்ணி" என்றாள் பார்லர்காரி, பத்து விரல்களையும் அவள் முகத்துக்கு முன்னால் விரித்துக் காட்டி. "அப்படியே அதுல கிடக்கறதையும் கழுவி வெச்சுடுங்களேன். எனக்கு நெயில் பாலிஷ் இன்னும் காயல."

சிங்க் நிறையப் பாத்திரம் கிடந்தது. தம்பி தன் தட்டையும் எடுத்து வந்து, ஓசைப்படாமல் அவற்றின்மேல் வைத்துவிட்டுப் போனான். அக்கா குழாயைத் திறந்தாள்.